பிடியிலிருந்து தொடங்கும் கத்தி: சிங்கப்பூர்க் காற்றில் கைவினைக் கத்திகளும் அவற்றின் பிடிப்பொருள்களும்

கையால் கத்தி செய்பவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் எஃகில் தொடங்கி எஃகிலேயே முடியும். கரிம அளவு எவ்வளவு, எந்த எண்ணெயில் தோய்ச்சல் (காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குதல்) கொடுத்தது, கடினம் எவ்வளவு வந்தது என்று விவரம் விரியும். பிடியைப் பற்றிய பேச்சோ மரத்தின் நிறத்தோடும் ரேகையோடும் நின்றுவிடும். குளிர்ந்த, வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளைப் படித்துக் கற்றுக்கொண்ட பழக்கம் இது. சிங்கப்பூரில் மடக்காத கத்தி ஒன்றைச் செய்து, அது சமையலறையிலோ முகாமிலோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று எண்ணுபவர் இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பிடிப்பொருள், பிறகு அதற்கேற்ற கட்டுமானம், அதன் பின்னரே எஃகு. இங்குள்ள காற்றுதான் இதற்குக் காரணம்.

இத்தீவின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காட்டை ஒட்டியது. விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே எஃகின் மேல் துரு வேகமெடுக்கத் தொடங்கும் என்பதால், துடைத்து எண்ணெயிடாத கரிம எஃகு இங்கே சில நாள்களிலேயே செம்புள்ளி காட்டிவிடும். ஆயினும் அலகில் வரும் துரு கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் துடைக்கலாம், தேய்க்கலாம், சாணை பிடித்து நீக்கலாம். பிடிக்கு அடியில் மறைந்திருக்கும் எஃகு வாலுக்கு, அதாவது அலகு பிடிக்குள் நீளும் பகுதிக்கு, அந்த வசதி இல்லை. மரத்துக்கும் எஃகுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டால் கழுவும் தண்ணீரும், உள்ளங்கை வியர்வையின் உப்பும், இறைச்சிச் சாறும் அதற்குள் இறங்கி உலராமல் தங்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் அது பிடியை உள்ளிருந்தே நெம்பித் தள்ளும். அலகு நன்றாக இருக்கும்போதே கத்தி தூக்கி எறியப்படுவதற்குப் பெரும்பாலும் இந்த இணைப்பே காரணமாகிறது.

அந்த மயிரிழை இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மரம் வெட்டிக் காய்ந்த பின்னரும் காற்றோடு ஈரத்தைக் கொண்டும் கொடுத்தும் வாழ்கிறது. 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள நம் சமையலறைக் காற்றில் ஒரு மரத்துண்டு தன் எடையில் ஏறத்தாழ 15, 16 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்திருக்கும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால் அது 10, 11 விழுக்காட்டை நோக்கி இறங்கும். குளிர்காலத்தில் அறைகளைச் சூடேற்றும் நாட்டிலிருந்து வந்திறங்கும் கட்டையில் அது 6 முதல் 8 விழுக்காடு வரைதான் இருக்கும். நீர் ஏறும்போது மரம் பருக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது. நார் ஓடும் நீளவாக்கில் அல்ல, அதற்குக் குறுக்கே. வளர்வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மரத்துக்கு உள்ளே அல்லது நடுவே இருக்கும் எஃகோ ஈரத்துக்காக இம்மியும் அசையாது.

25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பிடியை எடுத்துக்கொள்வோம். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் காயும்வரை தேக்கு வளையப் போக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடு சுருங்கும். நீரளவு 15 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறங்கும்போது அந்தச் சுருக்கத்தில் ஆறில் ஒரு பங்கு நிகழும் என்று கணக்கிட்டால், பிடியின் அகலம் 0.2 மில்லிமீட்டர் குறையும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஆனால் மரத்தின் விளிம்பையும் எஃகின் விளிம்பையும் ஒரே மட்டமாக இழைத்து மெருகேற்றிய கத்தியில், இரு ஓரங்களிலும் எஃகு 0.1 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்பதை விரல் நுனி உடனே உணர்ந்துவிடும். ஆணி அடித்து, பசையிட்டு அசையவிடாமல் கட்டிய மரம், சுருங்க இடமில்லாமல் ஆணித்துளையை ஒட்டிப் பிளக்கும். கருங்காலி போன்ற, சுருக்கம் மிகுந்த மரங்களில் இந்தக் கணக்கு இன்னும் கூடுகிறது. கருங்காலிப் பிடிகளில் ஆணியிலிருந்து கிளம்பி நார் வழியே ஓடும் மெல்லிய வெடிப்புகள் இப்படித்தான் உண்டாகின்றன.

மடக்காத கத்திகளுக்குப் பிடி பொருத்துவதில் இரண்டு பெரும் வழிகள் உண்டு. ஒன்று, அலகின் வாலைப் பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் விட்டு, அதன் இரு பக்கமும் பலகைகளை வைத்துத் தறையாணி அடிப்பது; ஐரோப்பியச் சமையல் கத்திகளில் பரவலாகக் காண்பது இதுவே. மற்றொன்று, வாலைக் குறுக்கி மெலிதாக்கி, முழுக்கட்டையின் நடுவே துளையிட்டு உள்ளே செலுத்தி, கட்டையின் வாய்ப்புறத்தில் பூண் போடுவது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளாகட்டும், மலாய்க்காரர்களின் பாராங் வெட்டுக்கத்தியாகட்டும், ஜப்பானியச் சமையல் கத்தியாகட்டும், நம் பக்கத்துக் கொல்லர்கள் இரண்டாவது வழியையே நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். அது வெறும் வழக்கம் என்று நான் கருதவில்லை. சுற்றிலும் மரமே இருக்கும் பிடியில் எஃகின் விளிம்பு வெளியே தெரிவதில்லை. மரம் பருத்தாலும் சுருங்கினாலும் கை உணரத்தக்க படிக்கட்டு எதுவும் உண்டாவதில்லை. தண்ணீர் நுழையக்கூடிய வாசலும் பூணின் முகப்பில் உள்ள ஒரே ஒரு பிளவாகக் குறைந்துவிடுகிறது. பலகை வைத்த கத்தியில் அந்த வாசல் பிடியின் சுற்றளவு முழுவதும் ஓடுகிறது.

பழைய கொல்லர்கள் வாலை உள்ளே நிறுத்துவதற்கு அரக்கையும் மரப்பிசினையும் பயன்படுத்தினார்கள். சூடேற்றினால் இளகி, ஆறினால் இறுகும் பொருள்கள் அவை. இன்றைய எப்பாக்ஸிப் பசையோடு ஒப்பிட்டால் வலுக் குறைவு. ஆனால் பிடி கெட்டால் மீண்டும் சூடுகாட்டி வாலை உருவி, வேறு கட்டையில் இறக்கிவிடலாம். ஜப்பானிய முறையில் மென்மையான மக்னோலியா மரத்தில் துளையிட்டு, பெரும்பாலும் இறுக்கத்தை மட்டும் நம்பியே வாலைச் செருகுகிறார்கள். பிடி தேய்ந்ததும் தட்டிக் கழற்றிப் புதியதைப் போடுகிறார்கள். அலகு நீண்டகாலச் சொத்து, பிடி அவ்வப்போது மாற்றக்கூடிய உறுப்பு என்ற தெளிவு இரண்டிலும் இருக்கிறது. எனவே மரப்பிடிதான் வேண்டும் என்றால் பூண் போட்ட முழுக்கட்டைப் பிடி. பலகை வைத்த கட்டுமானம்தான் வேண்டும் என்றால் ஈரம் உறிஞ்சாத செயற்கைப் பொருள். சிங்கப்பூரில் செய்யப்படும் கத்திகளுக்கு இந்தப் பாகுபாடே பொருத்தமானது.

இந்த முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டும் என்பதற்குக் காரணம், வாலின் வடிவமும் அதிலுள்ள துளைகளும் எஃகைக் கடினமாக்குவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும் என்பதே. தோய்ச்சல் ஏறிய எஃகில் சாதாரணத் துளைமுனை பதியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உலை வைத்துச் சம்மட்டியால் அடிப்பதற்கு வழியில்லாததால், இங்கே பெரும்பாலோர்க்கு ஏற்றது எஃகுப் பட்டையை வாங்கி அறுத்து அராவி வடிவமெடுக்கும் முறை. விளிம்புக்கு மையக்கோடு கீறிக்கொண்டு, சாய்வைக் காக்கும் ஒரு தாங்கியில் அரத்தைப் பொருத்தி அராவினால், நேரம் பிடித்தாலும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையில்லாமல் நல்ல அலகு கிடைக்கும். சமையல் கத்திக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டரும், முகாம் வேலைக்கு 4 மில்லிமீட்டரும் தடிமன் போதும். கடினமாக்குவதற்கு முன் விளிம்பில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே எஃகை விட்டுவைக்க வேண்டும். அதற்கும் மெலிந்தால் தோய்ச்சலின்போது அலகு கோணிக்கொள்ளும்.

கரிம எஃகில் 1084 என்ற எண்ணால் அறியப்படும் வகை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டி, 815 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகி எளிதில் நொறுங்கும் நிலையை அடையும். உடனே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணிநேரம் வீதம் இருமுறை வைத்துப் பதமாக்கினால், ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 60ஐ ஒட்டிய கடினத்தோடு நொறுங்காத தன்மையும் வந்துசேரும். துருப்பிடிக்காத வகைகளில், சவரத் தகடுகளுக்காக உருவான ஏஇபி-எல் எஃகைச் சமையல் கத்திக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதில் 13 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. விளிம்பும் மென்மையாகக் கூர் ஏறும். ஆனால் அதற்கு 1,050 டிகிரிக்கு மேற்பட்ட சூடும், துல்லியக் கட்டுப்பாடும் வேண்டியிருப்பதால், அச்சுக்கருவித் தொழிலுக்காக வெப்பப் பதப்படுத்தல் செய்யும் நிறுவனங்களிடம் கொடுத்து வாங்குவதே முறை. துருப்பிடிக்காத எஃகு என்பதால் பிடியின் இணைப்பில் கவனம் குறையலாம் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றுப் புகாத இடுக்கில் உப்பு நீர் தேங்கும்போது குரோமியம் அமைக்கும் காப்புப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் போவதால், அங்கே அந்த எஃகும் குழி விழுந்து அரிக்கப்படும்.

இனி மரங்கள். வெளிநாட்டுக் கத்தி வல்லுநர்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் அம்போய்னா என்ற முடிச்சுக்கட்டை, சிங்கப்பூரின் சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானா மரத்தின் முடிச்சிலிருந்து கிடைப்பதே என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. நம் ஊர் வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது அங்சானா. பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பு வரை நிறம் கொண்டது. ஈரம் மாறினாலும் மிகக் குறைவாகவே அசையும். அராவும்போது இனிய மணம் எழும். இந்தக் காற்றிலேயே வளர்ந்து, இந்தக் காற்றிலேயே காய்ந்த அங்சானாவைப் பூண் போட்ட பிடிக்கு முதல் தேர்வாக நான் வைப்பேன். தூங்குமூஞ்சி மரமும் அசைவு குறைந்ததே. ஆனால் அது மென்மையானது. நகம் பட்டால் தடம் விழும் பகுதிகளும் அதில் உண்டு என்பதால் பிசின் ஏற்றாமல் பிடிக்குப் பயன்படுத்துவது நல்லதல்ல. பராமரிப்புக்காக வெட்டப்படும் சாலையோர மரங்கள் மர வேலைப்பட்டறைகளுக்குப் போய்ச் சேர்வதுண்டு. சுங்கை காடுட் வட்டாரத்தில் கேட்டால் இத்தகைய துண்டுகள் கிடைக்கும். பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ விழுந்து கிடப்பதை அனுமதியின்றி எடுத்து வருவது சட்டப்படி குற்றமாகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தேக்கு நன்று. அதன் இயற்கை எண்ணெய் நீரை விலக்குகிறது; அதே எண்ணெய் பசையையும் விலக்கும் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மலாய் உலகில் பாராங்குக்கும் கெரிஸ் குத்துவாளுக்கும் பிடி செதுக்கப் போற்றப்படும் கெமுனிங், நம் கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் கலந்த, நெருக்கமான நார் கொண்ட மரம். நுணுக்கமாகச் செதுக்க விரும்புபவர்களுக்கு அதற்கு ஈடானது அரிது. மெர்பாவ் கடினமும் அழகும் உடையது என்றாலும், ஈரம் படும்போதெல்லாம் பழுப்புச் சாயம் விடும் இயல்புடையது. தினமும் கழுவப்படும் கத்திக்கு அது வேண்டாம். கருங்காலியை இந்த ஊர்ச் சமையலறைக் கத்திக்கு, அதுவும் பலகை வைத்த கட்டுமானத்துக்கு, ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈட்டி மரத்தின் கதை தனி. தோதகத்தி என்றும் அழைக்கப்படும் இந்த மரம் பிடிக்கென்றே படைக்கப்பட்டதுபோல் அமைந்தது: அடர்த்தி, எண்ணெய்ப் பசை, நிதானமான அசைவு, கையில் ஏற ஏறக் கூடும் மெருகு. ஆனால் ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வந்துவிட்டது. பின்னர் 2019இல் முழுமையாகச் செய்து முடித்த சிறு பொருள்களுக்குச் சலுகை தரப்பட்டாலும், கட்டையாகவும் துண்டாகவும் நாடு கடந்து கொண்டுவருவதற்கு உரிமம் வேண்டும். செஞ்சந்தனம் அதற்கும் முன்பே, 1995 முதல் அப்பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவது தேசியப் பூங்காக் கழகம். 2014இல் இங்கே தடுத்து வைக்கப்பட்ட மடகாஸ்கர் ஈட்டிக் கட்டைகள் மட்டுமே 3,000 டன்னைத் தாண்டும். பல ஆண்டுகள் நீண்ட அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர் என்றாலும், துறைமுக நகரான நம் ஊர் வழியே இந்த மரம் எவ்வளவு பெரிய அளவில் பயணிக்கிறது என்பதை அது காட்டியது. ஊருக்குப் போனவர்கள் தாத்தா காலத்துக் கட்டிலின் உடைந்த காலை அறுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

கொம்பும் எலும்பும் தமிழர் கைவினையில் பழக்கப்பட்ட பொருள்கள்தாம். எருமைக் கொம்பு மெருகேற்றினால் கருநிறத்தில் ஆழ்ந்து மின்னும். சூட்டில் இளகுவதால் வளைக்கவும் நிமிர்த்தவும் முடியும். எளிதில் இளகும் அந்த இயல்பே அதன் குறையும் ஆகிறது. கெரட்டினால் ஆன கொம்பு ஈரத்தை உறிஞ்சி, பலகையாக வைக்கப்பட்ட இடத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். பெட்டியில் நெடுங்காலம் கிடந்தால் வண்டுகளும் அரிக்கும். முழுக்கட்டைப் பிடியின் பூணாகக் குறைந்த அளவில் வைக்கும்போது அது நன்றாகவே நிற்கிறது. யானைத் தந்தத்தைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூருக்குள் அதை விற்பதும் விற்பனைக்குக் காட்சிப்படுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அந்தத் தடை வந்ததில் எனக்கு முழு மனநிறைவு.

செயற்கைப் பொருள்களில் மைக்கார்ட்டாவுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புப் பொருளாக உருவாக்கியது அது. கித்தான் துணி, லினன் அல்லது காகித அடுக்குகளைப் பீனாலிக் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் மைக்கார்ட்டா. ஜி-10 அதே முறையில் கண்ணாடி இழையையும் எப்பாக்ஸியையும் கொண்டு ஆனது. மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் சுற்றுப் பலகைகளின் அடித்தளமும் ஏறத்தாழ இதே பொருள்தான். ஜி-10 நீரை உறிஞ்சுவது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் மெருகேற்றினால் ஈரக் கையில் வழுக்கும். எனவே குறுக்குக் கோடுகளோ சொரசொரப்போ விட்டு முடிக்க வேண்டும். கித்தான் மைக்கார்ட்டா சிறிதளவு ஈரம் ஏற்கும். அதை 400ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால், நனைந்தபோது துணியிழைகள் சற்றே மேலெழுந்து உள்ளங்கையைப் பற்றிக்கொள்ளும். மீன் ஆய்ந்துகொண்டே, வழவழத்த கையோடு கத்தியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் இந்தப் பொருளின் அருமை விளங்கும். தேசிய சேவையில் மழைக்காட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தவர்களுக்கும் நனைந்த பிடி எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. உழைக்கும் கத்திக்கு, முழு வாலோடு பலகை வைத்துக் கட்டுவதானால், என் தேர்வு எப்போதும் கித்தான் மைக்கார்ட்டாவே.

மரத்துக்கும் செயற்கைக்கும் நடுவே நிற்பது பிசின் ஏற்றிய மரம். வெற்றிடத்தில் மரத்தின் காற்றை வெளியேற்றி, அதன் நுண்குழல்களில் பிசினைப் புகுத்தி, 95 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறுகவைக்கிறார்கள். தூங்குமூஞ்சி போன்ற மென்மையான, துளை மிகுந்த மரங்கள் பிசினை நன்கு குடிக்கும்; தேக்கும் ஈட்டியும் கருங்காலியும் குடிக்கா. இதை வீட்டில் செய்பவர்கள் இங்கே ஒரு படியில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மரத்தை அடுப்பில் வைத்து நீர் முழுவதையும் போக்கிய பிறகு, அது ஆறும்வரை திறந்த காற்றில் விட்டால் நம் காற்றிலிருந்து மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் பிசினை உள்ளே இறுகவிடாது. அடுப்பிலிருந்து எடுத்த உடனே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி ஆறவிட வேண்டும். பிசின் ஏறிய மரமும் ஈரத்தை முற்றிலும் மறுப்பதில்லை, மெதுவாக ஏற்கிறது. ஆகவே அதை மைக்கார்ட்டாவுக்குச் சமமாக எண்ணிப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது முறையல்ல.

பிசின் ஏற்றாத மரத்தை வாங்கியதும் அறுக்கத் தொடங்கிவிடக் கூடாது. கத்தி எந்த அறையில் வாழப்போகிறதோ அந்த அறையின் காற்றுக்கு மரம் முதலில் பழக வேண்டும். சமையலறைத் தராசில் வைத்து எடையையும் தேதியையும் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துவந்தால், எடை மாறாமல் நிற்கும் நாளில் மரம் தயாராகிவிட்டது என்று அறியலாம். வறண்ட நாட்டிலிருந்து வந்த கட்டை இங்கே எடை கூடுவதைக் கண்ணால் பார்க்கும்போது, முன் சொன்ன கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது புரியும். மெல்போர்னில் இருக்கும் அண்ணனுக்கோ கோயம்புத்தூரில் இருக்கும் அத்தைக்கோ அனுப்பும் கத்தியென்றால், அங்கே மரம் சுருங்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி, மைக்கார்ட்டாவையோ பூண் போட்ட பிடியையோ தேர்வதே பாதுகாப்பு.

ஒட்டும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். குளிர்சாதன அறையில் வைத்திருந்த எஃகை வெளியே கொண்டுவந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் மேல் பனி படியும். சிங்கப்பூர்க் காற்று 24, 25 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கும் அளவுக்கு ஈரம் கொண்டது. 22 டிகிரி அறையில் குளிர்ந்த எஃகு வெளிக்காற்றில் வியர்ப்பதைத் தவிர்க்கவே முடியாது. அந்தப் படலத்தின் மேல் பூசிய பசை எஃகைப் பற்றுவதில்லை. எப்பாக்ஸியில் கலக்கும் இறுக்கித் திரவமும் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் மேற்பரப்பில் பிசுபிசுத்த மெழுகுப் படலத்தை உண்டாக்கும். எனவே எஃகு, மரம், பசை மூன்றையும் ஒரே குளிர்சாதன அறையில் சில மணிநேரம் வைத்து, அங்கேயே ஒட்டி, அங்கேயே இறுகவிடுவது நல்லது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தவிர்த்து, ஒருநாள் எடுத்துக்கொள்ளும் வகையை வாங்க வேண்டும். எஃகின் முகத்தை 60 அல்லது 80ஆம் எண் தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்த பின் விரல் படக் கூடாது. இடுக்கியை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, இடையில் ஒன்றும் மிஞ்சாது. பசை ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். வாலின் நடுவே சில கூடுதல் துளைகள் இருந்தால் பசை அவற்றின் வழியே ஊடுருவி இரு பக்கத்தையும் ஒன்றாகக் கோக்கும்.

தறையாணிக்குப் பித்தளை கண்ணுக்கு இனிது. ஆனால் வியர்வையின் உப்பு சேரும்போது பித்தளையும் கரிம எஃகும் சந்திக்கும் இடத்தில் எஃகு விரைவாக அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். துருப்பிடிக்காத எஃகு ஆணியே சமையலறைக்கு உகந்தது. பலகைக்கும் எஃகுக்கும் இடையே வண்ணக்கோடாகத் தெரியும்படி வைக்கும் மெல்லிய தாளில், அழுத்திப் பதப்படுத்திய நார்த்தாள் வகையை இங்கே தவிர்க்க வேண்டும். அது பருத்திநாரால் ஆனது. நீரைக் குடித்து ஊதி, தானே இணைப்பைத் திறந்துவிடும். அதே இடத்தில் 0.5 மில்லிமீட்டர் ஜி-10 தகடு வைத்தால் நீர் புகாது.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலான கைகளுக்கு 11 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் போதும். வட்டமான பிடி கைக்குள் உருளும். முட்டை வடிவக் குறுக்குவெட்டு, வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே கைக்கு உணர்த்திவிடும். விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வெட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அது செய்தவரின் கைக்கு மட்டுமே பொருந்தும். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் எடுக்கும் கத்திக்குச் சமமான வளைவே நல்லது. அராவும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஈட்டித் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். கண்ணாடி இழைத் தூள் எழாமலிருக்க ஜி-10ஐத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். வீட்டுக் காப்பறை (நெருக்கடிகாலப் புகலிட அறை) ஒதுக்குப்புறமாக இருக்கிறதே என்று அங்கே உட்கார்ந்து தேய்ப்பது, காற்றோட்டம் இல்லாததால், மிகவும் தவறு.

நம் வீடுகளில் மரச்சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. கத்திப் பிடிக்கு அது பயன்படாது. தேங்காய் எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாவதில்லை. துளைகளில் தங்கி, நாளடைவில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் இறுகும் இயல்புள்ளவை. மெல்லிய பூச்சாகத் தடவி, மீந்ததைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே சில நாள்கள் விட்டு, நான்கைந்து முறை ஏற்றினால் நீரைத் தாமதப்படுத்தும் மேற்பரப்பு கிடைக்கும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், விரித்து உலர்த்தியோ நீரில் ஊறவைத்தோ அப்புறப்படுத்த வேண்டும்.

உறைக்குத் தோல் அழகாயிருந்தாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலுறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கரிம எஃகு இங்கே நிச்சயம் துருவேறும். சூட்டில் வளைத்துச் செய்யும் கைடெக்ஸ் போன்ற நெகிழித்தகட்டு உறையில், அடியில் ஒரு வடிதுளை விட்டால் அந்தக் கவலை குறையும். உறையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது சட்டம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது இடத்தில் தக்க காரணமின்றி அபாயகர ஆயுதம் வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறையும் பிரம்படிகளும் விதிக்கப்படலாம். பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கத்தியை உறையிட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வைத்து நேரே வீட்டுக்குப் போவதே ஒழுங்கு. இருபுறமும் கூர் கொண்ட குத்துவாள் வடிவங்களைச் செய்ய எண்ணுவோர் அதற்கு முன் காவல்துறையிடம் விதிகளைக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிடியை ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும். பலகை ஓரத்தில் கரிய கோடு தெரிவதும், தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பொள்ளென்ற ஓசை வருவதும், துடைத்த பின்னரும் ஆணியைச் சுற்றிப் பழுப்புநீர் கசிவதும் அதற்கான அறிகுறிகள். அலகை ஈரத்துணியால் சுற்றி, ஆணிகளைத் துளையிட்டு எடுத்துவிட்டு, பிடியை மட்டும் 100 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் எப்பாக்ஸி இளகி, மெல்லிய உளிமுனைக்கே பலகை விட்டுக்கொடுக்கும்; 200 டிகிரியைத் தாண்டினால் அலகின் கடினம் குறையத் தொடங்கும் என்பதால் அவசரம் கூடாது. வெளியே வந்த வாலில் செந்தூளாக இருப்பதைத் தேய்த்து நீக்கலாம். கருங்குழிகளாக இறங்கியிருந்தால் குழியின் அடிவரை அராவி, மிஞ்சிய தடிமன் போதுமா என்று அளந்து பார்க்க வேண்டும். பல சமயங்களில் அகன்ற முழு வாலின் ஓரங்கள் அரித்துப் போயிருந்தாலும் நடுப்பகுதி திடமாகவே இருக்கும். அப்போது ஓரங்களை அறுத்து நீக்கி, வாலைக் குறுக்கி, அதே அலகைப் பூண் போட்ட அங்சானாப் பிடிக்குள் இறக்கிவிடலாம். வாலின் புதிய வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, பயன்படுத்திய பசையின் பெயரையும் தேதியையும் அதில் குறித்து உறையோடு வைத்துவிட்டால், அடுத்த முறை பிடி மாற்றுபவர் துளையின் அளவைத் தேட வேண்டியிருக்காது.